கற்பூரம் பட்ட கல்

ஆயுத பூஜை அன்று காலை ஒன்பதே முக்கால் மணிக்கு ராக்கையாவின் தீட்டுக்கல் இரண்டாகப் போனது. போனது அவர் பெண்டாட்டி பாண்டியம்மாளின் கையால். இதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. பதினெட்டுப் பேர் சுற்றி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது.

மண்ணரையில் சித்ராதேவியின் பனியன் கம்பெனி அது. கம்பெனி என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். ஒரு ஷெட், பதினாலு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், செக்கிங்குக்கு ஒரு மூலை. அந்த மூலையில்தான் பாண்டியம்மாளுக்குப் பத்தொன்பது வருஷமாக வேலை. தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நூலை டிரிம்மரால் வெட்டி எடுப்பாள். பிசிறு வெட்டுவது என்று அதற்குப் பெயர். டிரிம்மர் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கத்தரிதான், ஆனால் அது மழுங்கினால் ஆளை அழவைத்துவிடும். நூலை விட்டுவிட்டுப் பனியனின் கண்ணியைக் கவ்வி இழுக்கும். ஒரு கண்ணி விட்டால் அடுத்த கண்ணி விடும், அப்புறம் ஓட்டைதான். சக்கரத்தில் சாணை பிடித்த டிரிம்மரும் கவ்வும். ராக்கையாவின் கல்லில் தீட்டியது கவ்வாது.

அதனால் ராக்கையாவுக்கு மண்ணரையில் ஒரு தனி மரியாதை. மானாமதுரைப் பக்கத்திலிருந்து பெண்டாட்டியோடு பிழைக்க வந்த மனுஷன், கல்லையும் ஒரு தண்ணீர் வாளியையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போவார். டிரிம்மரும் கத்தரியும் அவருக்காகக் காத்துக் கிடக்கும். கட்டிங் மாஸ்டர்களே எழுந்து நின்று ஸ்டூல் கொடுப்பார்கள்.

அந்தக் கல் எந்த ஊர்க் கல் என்று யாருக்கும் தெரியாது. முதலிபாளையத்தில் ஒரு ஷெட் கட்டியபோது அஸ்திவாரத்துக்கு லாரியில் கல் வந்து கொட்டியது. மற்றதெல்லாம் கரடுமுரடாகக் கிடக்க, இது மட்டும் ஒரு செங்கல்லைவிடக் கொஞ்சம் நீளமாக, மழைக்கு முந்தின வானத்தின் நிறத்தில் கிடந்ததாம். அப்போது கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ராக்கையா, நகத்தால் தேய்த்துப் பார்த்தார், துண்டில் சுற்றினார், வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அடுத்த மாதம் கட்டட வேலையையே விட்டுவிட்டார்.

பூஜை அன்று ராக்கையா பூசணிக்காய் வாங்கப் பல்லடம் போயிருந்தார். வருஷா வருஷம் அவர்தான் கல்லைக் கொண்டுவந்து வாழையிலையில் கத்தரிகளுக்குப் பக்கத்தில் வைப்பார். அன்றைக்கு ஆள் வந்து சேரவில்லை, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பாண்டியம்மாள் பக்கத்துத் தெருவிலிருந்த வீட்டுக்கு ஓடினாள். எப்போதும் வாளித் தண்ணீருக்குள் கிடக்கும் கல், அன்று அலமாரியில் துண்டு சுற்றி இருந்தது. பூஜைக்காகத் துடைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கொண்டுவந்து இலையில் வைத்து, சந்தனத்தை அள்ளிப் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். சூடத் தட்டு மெஷின் மெஷினாகப் போய்க்கொண்டிருந்தது. நம் கல்லுக்கு எப்போது வருமோ என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. பூசணிக்காய்மேல் வைப்பதில்லையா, கல்மேல் வைத்தால் என்ன? நாலு கட்டி கற்பூரத்தைக் கல்லின் நடுவிலேயே குவித்துப் பற்றவைத்துவிட்டாள்.

டிக் என்றது. அவ்வளவுதான் சத்தம். கல் நடுவில் விலகி, இரண்டு பாதியும் இரண்டு பக்கமாகச் சாய்ந்தன. இரண்டின்மேலும் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது.

"ஐயோ சாமி!" என்றாள் சித்ராதேவி. மணியாட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தானா ராக்கையா தோளில் பூசணிக்காயோடு உள்ளே வர வேண்டும்? வந்தார். கல்லைப் பார்த்தார். பதினெட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முகம் ஒரு நொடி இறுகி, உடனே தளர்ந்தது. பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டு, கற்பூரம் அணையும்வரை நின்றார். பிறகு இரண்டு துண்டையும் தோள்துண்டில் சுற்றிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

ராக்கையா பேசாமல் போவதாவது! சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தால் தெருமுனைவரை கேட்கிற மாதிரி திட்டுகிற ஆள். ரிமோட்டை இடம் மாற்றி வைத்தால் பரம்பரையையே இழுப்பார். அவர் வாய்க்குப் பயந்து வீட்டுக்காரர்கூட வாடகை ஏற்றத் தயங்குவார். அப்படிப்பட்டவர், வாழ்வுக்கே ஆதாரமான கல்லைப் பெண்டாட்டி பிளந்து போட்டதற்கு, உம் என்றுகூடச் சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை. கம்பெனிகளிலிருந்து போன் வந்தால் "கல்லு ஒடஞ்சுபோச்சு" என்பார், போனை வைப்பார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

"திட்டிருங்களேன்" என்றாள் பாண்டியம்மாள் மூன்றாம் நாள். "ரெண்டு அடிகூட அடிச்சிருங்க. இப்பிடி இருக்காதிங்க."

அவர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி சோற்றுக்கு வேண்டுமென்றே உப்பில்லாத குழம்பை ஊற்றினாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். கோபம் என்றால் தணியும். இது வேறு எதுவோ என்று பட்டது. இருபத்தாறு வருஷம் கூட இருந்த மனுஷன், பக்கத்தில் படுத்துக்கொண்டே எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். அவரைத் திரும்பக் கூப்பிட அவளுக்கு வழி தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாட்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தன. செக்கிங் மூலையில் டியூப் லைட்டுக்குக் கீழே பஞ்சுத் தூசு எப்போதும் மிதக்கும், அது கீழே இறங்குவதே இல்லை, பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறாள். இப்போது அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பதினாலு மெஷினின் இரைச்சலும் சேர்ந்து ஒரே ஓசையாகி, அந்த ஓசைக்குள் அவள் மெல்ல மெல்ல இறங்குவாள். கையில் பனியன் இருக்கும், டிரிம்மர் இருக்கும், எதை வெட்ட வந்தோம் என்பது மட்டும் இருக்காது.

"பாண்டியக்கா, தூங்கிட்டீங்களா?" என்று யாராவது தொடுவார்கள்.

"இல்லீங்க" என்பாள். இத்தனை வருஷத்தில் இந்த ஊர் 'ங்க' அவள் நாக்கிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

விடியற்காலையில் ஒரு கனவு வந்தது. தினமும் அதே கனவு. கல்லுக்குள்ளே அவள் நடந்து போகிறாள். உள்ளே இருட்டில்லை, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு வெளிச்சம். கட்டிங் டேபிளில் நூறு மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்திருப்பதுபோல், கல் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் ஓரத்திலும் நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் டிரிம்மரால் வெட்டிக்கொண்டே போகிறாள். வெட்ட வெட்ட நீள்கிறது. தூரத்தில் ராக்கையா முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார், கூப்பிட்டால் காதில் விழவில்லை. விழித்துக்கொண்டால் அவர் பக்கத்தில்தான் படுத்திருப்பார், அதே முதுகு.

தீபாவளி நெருங்கியது. ஆர்டரை முடித்துக் கொடுக்க வேண்டிய வாரம். டிரிம்மர்கள் எல்லாம் மழுங்கிப்போய், பீஸ் மேல் பீஸாக ஓட்டை விழுந்தது. சித்ராதேவி பொறுமைசாலிதான், அவளுக்கே முகம் சிவந்தது.

"சக்கரத்துல குடுத்துப் பாத்தனுங்க அக்கா, கவ்வுது. கடையில புதுக் கல்லு விக்குதே, ஒண்ணு வாங்கிக் குடுங்க அவுருக்கு. போச்சாதுங்க, ஒடைஞ்சது ஒடைஞ்சுபோச்சு."

பாண்டியம்மாள் வாங்கிக் கொடுத்தாள். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் செங்கல் நிறம், அட்டைப் பெட்டியில் வந்தது. ராக்கையா பெட்டியைப் பிரித்தார், கல்லைத் தொட்டார், மூடி அலமாரியில் வைத்துவிட்டார். அந்தப் பழைய கல்லைத் தவிர எதுவும் அவரை எழுப்பாது என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள். உடைத்தவள்தான் சரிசெய்ய வேண்டும், வேறு யார் செய்வார்கள்?

எதிர்ச் சாரியில் மரவேலை செய்யும் தங்கதுரையிடம் இரண்டு துண்டையும் கொண்டுபோய்க் காட்டினாள். ஒன்று பெரிய பாதி, ஒன்று கையகலம். அவர் இரண்டையும் தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம் வந்தது.

"கல்லு நல்லாத்தான் இருக்குதுங்க அம்மணி. வருசக்கணக்கா தேச்சு மேல பள்ளம் உளுந்து கெடக்குது, பாருங்க. மொதல்ல ரெண்டையும் தனித்தனியா சமப்படுத்திப் போடுங்க. முழுசா ஒட்டிட்டா உங்களால கையில புடிச்சுத் தேய்க்க ஆகாது. அப்புறம் ஒடைஞ்ச பக்கத்த நல்லா களுவிப்போட்டு, ரெண்டு டியூப்பைக் கலந்து ஒட்டற பசை இருக்குது, அதுல ஒட்டிப்போடலாம். நான் அடியில ஒரு மரச்சட்டம் போட்டுத் தாரேன்."

சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்றையும் அவரே கொடுத்தார். சலித்த மணல் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் கிடைத்தது.

பூஜை முடிந்து பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து ராக்கையா படுத்ததும், அவள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்ணரையில் மெஷின் ஓடாது. ஆறு நாளும் காதுக்குள் ஓடுகிற சத்தம் நின்றுபோனால் ஊரே இடம் மாறிவிட்டதுபோல் இருக்கும். கொடியில் காய்ந்த துணிகூட அசங்கவில்லை. வானம் கல்லின் நிறத்தில் இறங்கி நின்றது.

தங்கதுரை சொன்னபடி, மார்க்கிங் சாக்பீஸால் கல்லின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டாள். கிரானைட்மேல் மணலைத் தூவி, தண்ணீர் தெளித்து, பெரிய பாதியைக் கவிழ்த்து வைத்துத் தேய்த்தாள். எங்கே கோடு அழிகிறதோ அது மேடு, எங்கே அழியாமல் நிற்கிறதோ அது பள்ளம். எல்லாக் கோடும் அழிந்தால் கல் சமம். அழிந்தது, மறுபடி போட்டாள், மறுபடி தேய்த்தாள். சர்ர், சர்ர் என்று ஒரே சீராக வந்தது. கல்லுக்கடியிலிருந்து சாம்பல் நிறத்தில் பால் கசிந்தது. விரலிடுக்கில் அது அவ்வளவு மெத்தென்று இருந்தது.

எவ்வளவு நேரம் தேய்த்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கை தன்பாட்டுக்கு ஓடியது. மலை ஒன்று மனசில் வந்தது, அவள் பார்த்தே இராத மலை. அதன்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. மழை மலையைக் கரைத்தது, கரைந்தது படிந்தது, படிந்தது இறுகியது, ஒரு லாரி வந்து அதை ஏற்றிக்கொண்டது. லாரியில் அவளும் உட்கார்ந்திருந்தாள், இருபத்திரண்டு வயசில், மடியில் ஒரு தகரப்பெட்டியோடு. பக்கத்தில் ராக்கையா, எந்தக் கடையிலோ வாங்கிய கொய்யாவை அவளுக்குக் கடித்துக் கொடுத்துக்கொண்டு, டிரைவரைத் திட்டிக்கொண்டு. மழையோசைக்குள் அந்தத் திட்டு எவ்வளவு நன்றாக இருந்தது! அவளுக்குக் கண் நிறைந்தது. கல்மேல் இரண்டு சொட்டு விழுந்தது, அதையும் சேர்த்துத் தேய்த்தாள்.

பெரிய பாதியில் கோடு எல்லாம் போயிற்று. கையகலத் துண்டிலும் போயிற்று. இனி உடைந்த பக்கத்தைக் கழுவ வேண்டியதுதான். பழைய பல் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தாள். கனவில் பார்த்த அடுக்குகள் அங்கே இருந்தன, மெலிசாக, வரிவரியாக. சிரித்துக்கொண்டாள். ஓர் ஓரத்தில் ஏதோ சுருண்டு எழுந்தது. நகத்தால் பிடித்து இழுத்தாள். வெங்காயச் சருகுபோல் ஒரு தோல் உரிந்து வந்தது. கண்ணாடி மாதிரி, இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது.

பசை. செருப்பு அறுந்தால் கம்பெனியில் ஒட்டுவார்களே, கொஞ்சம் அசந்தால் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பசை. உடைந்த முகம் முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இருந்தது. மேல் விளிம்பில் மட்டும் கற்பூரச் சூட்டில் கருகியிருந்தது.

அன்றைக்குத்தான் பிளந்த கல்லுக்குள் பசை எப்படிப் போகும்?

பாண்டியம்மாள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். வாளிக்குள் கிடக்க வேண்டிய கல் அன்று துண்டுக்குள் காய்ந்து கிடந்தது ஏன் என்று இப்போது விளங்கியது. கல் அதற்கு முன்னாலேயே உடைந்திருக்கிறது. ஒட்டி வைத்திருக்கிறார். சூடு பட்டுப் பசை விட்டுவிட்டது. பதினோரு நாள்! பதினோரு நாளாக அவள் உண்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. மண்ணரை முழுக்க அவளுக்குக் 'கல்லை ஒடைச்ச அக்கா' என்று பேராகிவிட்டது. இந்த மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாரே! கோபத்தில் அந்தக் கல்துண்டைத் தூக்கித் தெருவில் எறியலாமா என்றுகூட நினைத்தாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ராக்கையா ஏறி வந்தார். கிரானைட்டைப் பார்த்தார், சமமான கல்லைப் பார்த்தார், அவள் விரலில் ஒட்டியிருந்த அந்தத் தோலைப் பார்த்தார். அப்படியே தண்ணீர்த் தொட்டியின் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப ஒடஞ்சது?" என்றாள்.

"பூஜைக்கு மொத நா சாயங்காலம்."

"யாரு ஒடச்சா?"

அவர் வலது கையை முன்னால் நீட்டினார். சும்மா நீட்டிய கை. அது நடுங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவரைக் கேட்காமல் அசைந்தன.

"ஆவணியிலருந்து இப்பிடித்தான் பாண்டி. காலைல எந்திரிச்சா கை என்னுதில்லாத மாதிரி கெடக்கும். வெயிலேற உசுரு வரும். இப்பல்லாம் வெயிலேறினாலும் வரமாட்டேங்குது. ஆஸ்பத்திரில காமிச்சேன். கழுத்து நரம்பு அமுங்கியிருக்காம், மாத்திர குடுத்தாக. கல்லத் தூக்குனேன், அது பாட்டுக்கு விழுந்துருச்சு."

டீயை ஏன் இரண்டு கையால் பிடித்துக் குடிக்கிறார் என்று அவள் கேட்டதே இல்லை. சட்டைப் பொத்தானை அரை மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தால் 'வயசாகுது மாப்பிள்ளைக்கு' என்று கேலி பேசியிருக்கிறாள். எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே நடந்திருந்தது.

"அத எங்கிட்ட சொன்னா என்ன?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். பூஜ முடியட்டும்னு ஒட்டி வச்சேன். நீ கற்பூரத்த வச்சு, அது ரெண்டாக் கெடந்தத வந்து பாத்தேன்ல..." அவர் நிறுத்தினார். கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டார். "எனக்கு நிம்மதியா இருந்துச்சு, பாண்டி. அப்பாடா, இனி ராக்கையா கை போச்சுன்னு எவனும் சொல்ல மாட்டான், அவன் பொண்டாட்டி ஒடச்சுப்புட்டான்னுதான் சொல்லுவான்னு நெனச்சேன். ஒம்மேல பழி விழுந்தது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதுக்கப்பறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஒன்னயப் பாக்குறது?"

பாண்டியம்மாளுக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, இருபத்தாறு வருஷமாக அவர் பேசியதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தாள். பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்டிருந்த பெண் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார். திட்டித் திட்டி ஓய்ந்து, அவளும் தொட்டித் திண்டிலேயே பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். அவள் மேல் பழி விழுந்ததற்காக அல்ல. இந்தக் கையைத் தனியாக வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாரே என்பதற்காக.

சாரலாகத் தூறியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"ஒட்ட வேணாம்" என்றாள் கடைசியில், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஒட்டுனா மறுபடி அதே எடத்துலதான் விடும். பெரிசு பெரிசாவே இருக்கட்டும், சட்டத்துல உக்கார வச்சுத் தாரேன்னாரு தங்கதுரை. நான் தீட்டுறேன். பத்தொம்பது வருசமாப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"நீளக் கத்தரி?"

"கத்தரிய டேபிள்ல படுக்க வச்சு, இந்தச் சின்னத் துண்ட வச்சு எடது கையால இழுங்க. கத்தரி எதுக்கு நடக்கணும், கல்லு நடக்கட்டும்."

அவர் கையகலத் துண்டை இடது கையில் வாங்கிப் பார்த்தார். மூலைகளை அவள் ஏற்கெனவே உருட்டியிருந்தாள். கைக்குள் அது பொருந்தி உட்கார்ந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள். "கல்ல நான் ஒடச்சதாவே இருக்கட்டும். கல்ல ஒடச்ச பொம்பளைக்கு ஒரு நட்டமும் இல்ல. கை நடுங்குற ஆளுக்கிட்ட எவன் கத்தரியக் குடுப்பான்? வாயத் தொறக்காதிங்க."

அவர் சின்னத் துண்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். ராத்திரியே தங்கதுரை சட்டத்தில் பதித்துக் கொடுத்த கல்லைப் பாண்டியம்மாள் இடுப்பில் தூக்கிக்கொண்டாள், ராக்கையா சின்னத் துண்டை வாளிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தையல்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கட்டிங் மாஸ்டர் சகாயராஜ், தென்கோடிக் கடற்கரை ஊர்க்காரன், டேபிளைவிட்டு இறங்கி வந்தான்.

"ஏனுங்க அக்கா" என்று சிரித்தாள் சித்ராதேவி, "ஒடைச்ச கையாலயே சரி பண்ணிப்போட்டீங்களா? இனிமே சூடம்னாலே அக்கட்டால ஓடிப்போயிருவீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். பாண்டியம்மாளும் சிரித்தாள். ஆமாங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அவ ஒடைக்கலைங்க" என்றார் ராக்கையா.

வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். "கல்லு அதுக்கு முன்னாடியே ஒடஞ்சிருச்சு. நான்தான் கீழ போட்டேன். ஒட்டி வச்சிருந்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பதினோரு நா பழியத் தூக்கிச் சொமந்தா, நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

யாரும் கேட்காமலேயே வலது கையைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிறாற்போல் நீட்டினார். டியூப் லைட் வெளிச்சத்தில், மிதக்கும் பஞ்சுத் தூசுக்கு நடுவில், அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மண்ணரையில் இம்மியும் அசையாத கை என்று பேர் வாங்கிய கை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சித்ராதேவி சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள்.

பாண்டியம்மாள் அவரையே பார்த்தாள். அட பாவி மனுஷா, சொல்லாதே என்றேனே என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கல்யாணத்தன்றுகூட இவர்மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை.

"அப்பம் இனி யாரு அண்ணாச்சி தீட்டுகது?" என்று மெதுவாகக் கேட்டான் சகாயராஜ்.

"அவதான்."

உட்கார்ந்தாள். வேறு வழி? சித்ராதேவி தன் டிரிம்மரையே எடுத்து நீட்டினாள். பாண்டியம்மாள் கல்லில் தண்ணீர் தெளித்து, டிரிம்மரைச் சாய்த்துப் பிடித்து இழுத்தாள். பத்துத் தடவை, இருபது தடவை. பார்த்துக்கொண்டிருந்தது வேறு, செய்வது வேறு என்று கை சொல்லிற்று. வேஸ்ட் பனியன் துண்டில் வெட்டிப் பார்த்தாள். கவ்வியது. கண்ணி விட்டு, துணியில் ஒரு கோடு மளமளவென்று ஓடியது.

யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவளுக்குக் காது சுட்டது. மறுபடி கல்லில் வைத்தாள்.

ராக்கையா அவள் முதுகுக்குப் பின்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். வலது கையை எடுத்து, அத்தனை பேருக்கும் முன்னால், அவள் கையின்மேல் வைத்தார். நடுக்கம் அவள் மணிக்கட்டுக்குள் இறங்கியது. முதலில் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. பிறகு அதன் போக்கிலேயே விட்டாள். அந்த நடுக்கத்துக்கு உள்ளே, அடியில், அவர் கைக்குத் தெரிந்த சாய்வு அப்படியே இருந்தது. கொஞ்சம் தூக்கு என்றது, இப்போது இறக்கு என்றது. இரண்டு கையும் சேர்ந்து கல்லின்மேல் போயின, வந்தன. மெஷின் எதுவும் ஓடாததால் கல்லின் ஓசை மட்டும் ஷெட் முழுக்கக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கனவில் நடந்த அதே நீல வெளிச்சம் வந்தது, அதில் அவர் முதுகு இல்லை.

"போதும்" என்றார் காதருகில்.

சித்ராதேவி டிரிம்மரை வாங்கி, புதுப் பனியன் ஒன்றின் தோள்பட்டையில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டினாள். வெட்டிய சத்தம்கூட வரவில்லை. பனியனை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு சகாயராஜைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அவன் தன் நீளக் கத்தரியை எடுத்து வந்தான். டேபிளில் அதைப் படுக்க வைத்து, வாளியிலிருந்த சின்னக் கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதற்குப் பின்னால் செக்கிங் பெண்கள் தங்கள் டிரிம்மர்களோடு வந்து நின்றார்கள்.

ராக்கையா கையை எடுக்கப் போனார். பாண்டியம்மாள் விடவில்லை.

"அடுத்ததக் குடுங்க" என்றாள்.